முதலில் கிளட்ச், பிறகு எஞ்சின்

வட அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் முதல் பனி விழுவதற்கு முன்பே ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி வைத்திருப்பவர்கள் அதன் மூடியைத் திறந்துவிடுவார்கள். சென்ற பருவத்தில் பாதியில் நின்றுபோன சரிவை இந்த முறை ஏறிவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஆசையை நம்பி ஒரு பெரிய சந்தை நடக்கிறது. எடை குறைந்த சைலன்சர், மாற்றுப் புகைக்குழாய், அழுத்தம் கூட்டிய சிலிண்டர் தலை, எஞ்சின் கணினியில் ஏற்றும் புது மென்பொருள், எல்லாவற்றுக்கும் மேலாக டர்போ என்று கடைக்காரர்கள் அடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை எஞ்சினுக்கானவை. மலையில் ஓடும் வண்டிக்கு முதல் செலவும் முதல் உழைப்பும் கிளட்சுக்குத்தான் போக வேண்டும், எஞ்சினில் கைவைப்பது அதற்குப் பிறகுதான், பலருக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ் வாசகருக்கு இது தொலைதூர விஷயமாகத் தோன்றலாம். ஆனால் காஷ்மீரில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் குல்மார்க்குக்குப் போகிறவர்கள் வாடகைக்கு ஏறிச் சுற்றுவதும் இந்த வண்டியில்தான். நம் தெருவில் ஓடும் கியர் இல்லாத ஸ்கூட்டருக்குள் இருப்பதும் இதே பெல்ட்டும் புல்லியும்தான். எந்த எந்திரத்திலும் வலுவைக் கூட்டுவதற்கு முன், இருக்கிற வலு போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்னோமொபைல் சந்தை அந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் 3,000 மீட்டர் உயரத்தில் மிஞ்சுவது சுமார் 70 சதவீதம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. இன்றைய 850 சிசி டூ-ஸ்ட்ரோக் மலை வண்டி தாழ்நிலத்தில் சுமார் 165 குதிரைத்திறன் தரும்; அதே வண்டி 3,000 மீட்டரில் 120-ஐ ஒட்டித்தான் நிற்கும். பொலாரிஸ் வண்டிகள் பிறந்த மின்னசோட்டா மாநிலத்து ரோசோ ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீட்டர் உயரம்தான். ஸ்கி-டூ வண்டிகள் பிறந்த கியூபெக்கின் வல்கூரும் தாழ்நிலமே. கொலராடோவின் வெயில் கணவாயிலோ, வண்டியை டிரெய்லரிலிருந்து இறக்கும் இடமே 3,250 மீட்டரில் இருக்கிறது. கனடாவின் ரெவல்ஸ்டோக்கில் ஊர் 480 மீட்டரில் கிடக்கும், ஓட்டுகிற முகடுகள் 2,000 மீட்டரைத் தொடும். மலை மாடல்கள் உயரத்துக்கான அமைப்போடுதான் தொழிற்சாலையை விட்டு வருகின்றன. ஆனால் அந்த அமைப்பு குறிப்பிட்ட ஓர் உயர வரம்புக்குள் மட்டுமே சரியாக இருக்கும். ரெவல்ஸ்டோக்கில் சரியாக ஓடுவது வெயில் கணவாயில் திணறும். காற்று மெலிந்ததால் போகும் 45 குதிரைத்திறன் இயற்கையின் கணக்கு. அதற்கு மேலும் போகிற வலு, சரியாகப் பொருத்தப்படாத கிளட்சால் போகிறது. அந்த இரண்டாவது இழப்பைத் தடுக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஸ்னோமொபைலில் கியர் கிடையாது. எஞ்சினின் கிராங்க் தண்டில் ஒரு கிளட்ச், பற்சக்கரங்கள் வழியாக வண்டியின் அடிப்பட்டையைச் சுழற்றும் தண்டில் இன்னொரு கிளட்ச். இரண்டையும் ஒரு ரப்பர் பெல்ட் இணைக்கிறது. இவற்றை முன் கிளட்ச், பின் கிளட்ச் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் கூம்பு வடிவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு தட்டுகள். எஞ்சின் வேகமெடுக்கும்போது முன் கிளட்சுக்குள் இருக்கும் சிறு எடைகள் வெளிப்பக்கம் வீசப்படும். அந்த வீச்சு ஸ்பிரிங்கை எதிர்த்துத் தட்டுகளை நெருக்கும், நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் பின் கிளட்சின் தட்டுகள் விலகிக் கொடுக்க, அங்கே பெல்ட் உள்ளே இறங்கும். கீழ் கியரிலிருந்து மேல் கியருக்குப் படிப்படியாக அல்லாமல் வழுக்கிச் செல்வது போல விகிதம் மாறுகிறது. ஹாலந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் இதே முறையை ஒரு காரில் வைத்து அறிமுகப்படுத்தியது. ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் ‘வண்டி பிக்கப் இல்லை’ என்று சொன்னால் அவர் வேரியேட்டரைக் கழற்றித் தேய்ந்த ரோலர்களைக் கையில் எடுத்துக் காட்டுவாரே, அந்த ரோலர் செய்யும் வேலையைத்தான் ஸ்னோமொபைலில் இந்த எடைகள் செய்கின்றன. பல வண்டிகளில் எடை ஒவ்வொன்றும் 50 முதல் 75 கிராம் வரை இருக்கும். அதில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும், முழு வேகத்தில் எஞ்சினின் சுற்று நிமிடத்துக்கு நூறு அளவுக்கு மாறிவிடும்.

நூறு சுற்றுக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கத் தோன்றும். விடை டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாயில் இருக்கிறது. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய அந்தக் குழாய் புகையை வெளியேற்றுவதோடு நிற்பதில்லை. சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்த அலை குழாயின் ஒடுங்கிய முனையில் மோதித் திரும்பி வருகிறது. சரியான கணத்தில் வந்தால், எரியாமல் வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் பந்தயப் பிரிவில் வால்டர் காடன் 1950களில் இந்தக் கலையை வளர்த்தெடுத்தார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்குக்குத் தப்பி சுசுகியில் சேர்ந்ததோடு அது ஜப்பானுக்கும் போனது. ஒரு நிறுவனம் இன்னொரு நாட்டிலிருந்து புகைக்குழாயின் வடிவத்துக்காக ஆளை இழுத்த கதை தொழில்நுட்ப வரலாற்றில் அரிது. இந்தக் குழாயின் பலன் ஒரு குறுகிய வேக வரம்பில்தான் முழுமையாகக் கிடைக்கும். இன்றைய 850 எஞ்சின்களில் அது நிமிடத்துக்கு 8,000 சுற்றை ஒட்டி இருக்கிறது. சில நூறு சுற்று கீழே இறங்கினால் அலை காலம் தவறி வருகிறது, வலு சட்டென்று சரிகிறது. மேலே போனாலும் அப்படியே.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். தாழ்நிலத்துக்கான எடைகளோடு வண்டி 3,000 மீட்டருக்கு ஏறுகிறது. எஞ்சினின் வலு கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது, ஆனால் எடைகள் அதே வீச்சோடு தட்டுகளை நெருக்குகின்றன. பெல்ட் அவசரப்பட்டு மேல் விகிதத்துக்கு ஏறுகிறது; அந்தச் சுமையை இழுக்க முடியாமல் எஞ்சின் 8,000-க்குப் பதிலாக 7,500-இல் தங்கிவிடுகிறது. அங்கே புகைக்குழாயின் உதவியும் இல்லை. காற்றால் போனது போக, மிச்சமிருந்ததிலும் ஒரு பங்கு இப்படிப் போகிறது. எடையில் சில கிராம் குறைத்தால் எஞ்சின் மீண்டும் 8,000-க்கு வரும், குழாய் வேலை செய்யத் தொடங்கும். இதற்காக எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. இழுவை குறைந்த வண்டிக்கு விலை உயர்ந்த சைலன்சரைப் பொருத்துகிறவர்களில் பலர், 7,500 சுற்றில் திணறும் எஞ்சினுக்கு 8,000 சுற்றில் பலன் தரும் பொருளை வாங்கிக் கொடுக்கிறார்கள். பணம் போகிறது, சரிவு ஏறுவதில்லை. அடுத்த பருவத்தில் இன்னும் பெரிய பொருளைத் தேடுகிறார்கள்.

இந்தத் தவறு முன்னைவிட இப்போது அதிகமாக நடக்கக் காரணம் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் எரிபொருளை அளந்துவிடும் ஜெட்டை உயரத்துக்கு ஏற்ப மாற்றாவிட்டால் எஞ்சின் புகை கக்கும், பிளக் கறுத்து அடைக்கும். கடுங்குளிரில் தவறான ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். அதனால் மலைக்குப் போகிறவர் ஜெட்டை மாற்றும் நாளிலேயே கிளட்சையும் பார்த்துவிடுவார். இன்றைய வண்டிகளில் எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் முறை வந்துவிட்டது. காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணரிகளைக் கேட்டுக் கணினி தானே எரிபொருளைச் சரிசெய்துகொள்கிறது. எந்த உயரத்திலும் எஞ்சின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, சீராக ஓடுகிறது. அதைப் பார்த்து வண்டி முழுவதும் உயரத்துக்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது என்று ஓட்டுபவர் நம்பிவிடுகிறார். கிளட்சுக்குள் இருக்கும் எடைக்கோ ஸ்பிரிங்குக்கோ அந்தக் கணினி எதையும் சொல்வதில்லை. அவை 1960களில் இருந்தது போலவே இன்றும் மனிதக் கையால்தான் மாற்றப்பட வேண்டும். எஞ்சின் புத்திசாலியாக ஆக ஆக, கிளட்ச் கவனிப்பாரற்றுப் போனது.

பின் கிளட்சைப் பற்றிப் பேசுபவர்கள் இன்னும் குறைவு. மலைப்பனியில் வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பாதிப் பங்கு உண்டு. அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும், ஹீலிக்ஸ் என்று சொல்லப்படும் சாய்வான பள்ளம் வெட்டிய உருளையும் இருக்கின்றன. அடிப்பட்டை திடீரென ஆழமான பனியில் புதைந்து சுமை கூடும்போது, அந்தச் சாய்வு தட்டுகளை நெருக்கிப் பெல்ட்டை மறுபடி கீழ் விகிதத்துக்குத் தள்ளுகிறது. கார் ஓட்டுபவர் ஏற்றத்தில் கியரைக் குறைப்பதைப் போன்றது இது. இந்தத் திரும்புதல் தாமதமானால் எஞ்சினின் சுற்று விழுந்து, குழாயின் வரம்பை விட்டு இறங்கி, வண்டி பனிக்குள் தோண்டிக்கொண்டு நின்றுவிடும். 4 மீட்டருக்கு மேல் நீளமும் 7 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான பற்களும் கொண்ட அடிப்பட்டை இன்று மலை வண்டிகளில் சாதாரணம். அவ்வளவு பெரிய பட்டை பிடித்த பனியை விடாது. ஆகவே சுமை நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் சரியான இடத்தில் நின்றாக வேண்டும். நேர்கோட்டில் முழு வேகத்தில் ஒரே ஓட்டம் ஓடும் பந்தய வண்டிக்குச் சொல்லும் குதிரைத்திறன் எண்ணை மலை வண்டிக்கும் அளவுகோலாக்கியதுதான் இந்தத் துறையின் பெரும் பிழை. மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறுகிறவருக்குத் தேவை உச்ச எண்ணைவிட, வேண்டும்போது உடனே கிடைக்கும் இழுவை.

பொருந்தாத கிளட்சுக்கு இன்னொரு விலையும் உண்டு. பெல்ட் வழுக்கினால் அந்த வலு வெப்பமாக மாறுகிறது. தட்டுகள் தொட முடியாத அளவுக்குச் சுடுகின்றன, ரப்பர் இளகுகிறது, கடைசியில் பெல்ட் கிழிந்து வண்டி மலையின் நடுவில் நின்றுபோகிறது. ஒரு பெல்ட்டின் விலை 100 டாலருக்கு மேல். அதைவிட, பொழுது சாயும் நேரத்தில் 20 கிலோமீட்டர் உள்ளே ஆளில்லாப் பனியில் நிற்பதன் விலை பெரிது. வல்கூரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி மூடிய சாலையால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தன் சிறு மகனை இழந்தவர். பனிமேல் ஓடும் ஊர்திக்கு அவர் தந்த உழைப்பு 1959-இல் ஸ்கி-டூவாக வந்து சேர்ந்தது. போய்ச் சேர்வதற்காகவும் திரும்பி வருவதற்காகவும் உருவான வண்டி இது. அதன் நம்பகத்தைக் குலைக்கும் எந்த மாற்றத்தையும் முன்னேற்றம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கிளட்சைச் சரிசெய்வது மந்திரமல்ல. ஆனால் பொறுமை கேட்கும் வேலை. முதலில் பெல்ட் புதிதாக, அளவு சரியாக இருக்க வேண்டும்; தட்டுகளில் படிந்த ரப்பர் துகளைத் துடைக்க வேண்டும்; இரண்டு கிளட்சும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று அளக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தித்தான் கைவைக்க வேண்டும், கிளட்சின் மேல்மூடி இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. அறுந்த பெல்ட்டின் துண்டு கல்லைப் போல் பாயும். அதற்குப் பிறகு, வழக்கமாக ஓட்டும் உயரத்துக்குப் போய், ஆழப்பனியில் முழு ஆக்சிலரேட்டரில் இழுத்து, தயாரிப்பாளர் சொன்ன சுற்றை எஞ்சின் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் எடையைக் குறைப்பார்கள், மிஞ்சினால் கூட்டுவார்கள். பழைய ஸ்கி-டூ வண்டிகளின் டிஆர்ஏ கிளட்சில் இதற்கென்றே ஆறு நிலைகள் கொண்ட திருகு இருந்தது. ஒரு நிலை மாற்றினால் சுமார் 200 சுற்று மாறும். எடைகளை எடுக்காமலே மலையடிவாரத்தில் நின்று சரிசெய்துவிடலாம். முழு வேகச் சுற்று சரியான பிறகே பின் கிளட்சின் ஸ்பிரிங்கையும் ஹீலிக்ஸையும் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றியவருக்கு எது நன்மை செய்தது என்று கடைசிவரை தெரியாது. காற்றின் குளிரும் கணக்கில் வரும்: பூஜ்ய டிகிரியில் இருக்கும் காற்றைவிட மைனஸ் 20 டிகிரிக் காற்று ஏறத்தாழ 8 சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் ஒரு நாள் கண்ட எண்ணை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. எடைகளும் ஸ்பிரிங்குகளும் சில நூறு டாலருக்குள் முடிந்துவிடும். டர்போவுக்குப் பல ஆயிரம் வேண்டும்.

எஞ்சின் மாற்றங்களால் பலனே இல்லையா என்று அனுபவமுள்ள ஓட்டிகள் கேட்பார்கள். பலன் உண்டு, மறுப்பது நேர்மையாகாது. நன்றாக வடிவமைத்த குழாய் சில குதிரைத்திறனைக் கூட்டும். அழுத்தம் கூட்டிய சிலிண்டர் தலைக்கு மெலிந்த காற்றில் உண்மையான நியாயமே இருக்கிறது: அங்கே சிலிண்டருக்குள் சேரும் காற்று குறைவு என்பதால், தாழ்நிலத்தில் தாங்காத அழுத்த விகிதத்தை எஞ்சின் தாங்கும். ஆனால் அதே வண்டியைத் தாழ்நிலத்தின் சமவெளிக்குக் கொண்டுவந்து சாதாரணப் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைத் துளைக்கும். ஆக, அது ஓர் உயரத்துக்கு எஞ்சினைக் கட்டிப்போடும் மாற்றம். கிளட்சில் செய்த மாற்றத்தையோ ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. எஞ்சினில் எதைக் கூட்டினாலும் வலு மாறும், வலு உச்சம் தொடும் சுற்றும் மாறக்கூடும். ஆகவே கிளட்சை மறுபடி பொருத்தியே தீர வேண்டும். கிளட்ச் வேலையிலிருந்து தப்பிக்க எஞ்சின் மாற்றம் வழியாகாது. முதலிலேயே கிளட்சைச் சரிசெய்து பார்த்தவர், அதன் பிறகும் வலு போதவில்லை என்றால் தாராளமாக எஞ்சினுக்கு வரலாம். எவ்வளவு போதவில்லை என்பதாவது அப்போது அவருக்குத் தெரிந்திருக்கும்.

டர்போ இந்த வாதத்தைப் பழசாக்கிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. 2020 மாடலாக ஸ்கி-டூ தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தது. சுமார் 2,400 மீட்டர் உயரம் வரை 165 குதிரைத்திறன் குறையாது என்றது. இரண்டு ஆண்டில் பொலாரிஸும் தன் டர்போ வண்டியோடு வந்தது. இது பாராட்ட வேண்டிய பொறியியல், ஐயமில்லை. உயரத்தால் வரும் முதல் இழப்பை டர்போ பெருமளவு ஈடுகட்டுகிறது. அதனால் கிளட்சின் பொறுப்பு குறைந்ததா என்றால், கூடியிருக்கிறது. மெலிந்த காற்றில் குறைந்த வலுவைச் சுமந்த பெல்ட் இப்போது அதே காற்றில் 165 குதிரைத்திறனைச் சுமக்கிறது. வெப்பம் கூடுகிறது, வழுக்கலுக்கான இடம் குறைகிறது. தொழிற்சாலை டர்போ வண்டிக்கென்று தனிக் கிளட்ச் அமைப்பைத் தருவதே அதனால்தான். பழைய வண்டியில் வெளிக்கடை டர்போவை மாட்டிவிட்டுக் கிளட்சை அப்படியே விடுகிறவர்தான் கிழிந்த பெல்ட்டுகளைக் கையில் ஏந்தி நிற்கிறார்.

வண்டிக்கு வெளியே இருப்பவர்களின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் மிகக் கனமான காரணம். அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து சான்று பெற்று வரும் ஸ்னோமொபைல்கள், முழு ஆக்சிலரேட்டரில் 15 மீட்டர் தொலைவில் 78 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக் கூடாது. எடை குறைந்த வெளிக்கடை சைலன்சர்களில் பல இந்த எல்லையை அனாயாசமாகத் தாண்டும். எஞ்சினின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் குலைப்பதை அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடுக்கிறது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் 2000களின் தொடக்கத்தில் காவலர்கள் புகைக்கு அஞ்சி மூச்சுக்கவசம் அணிந்து நின்ற படங்கள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் 2013-இல் வந்த விதி, மணிக்கு சுமார் 35 மைல் வேகத்தில் 67 டெசிபல் என்ற அளவுக்குச் சத்தத்தை இறக்கச் சொன்னது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அருகிவரும் மலைக் கரிபூ மான்களைக் காக்க 2009-இல் பெரும் பரப்புகள் ஸ்னோமொபைலுக்கு மூடப்பட்டன. இந்த மலைகளில் பெரும்பகுதி பொது நிலம். பனிச்சறுக்கர்களுக்கும் நடைப்பயணிகளுக்கும் விலங்குகளுக்கும் அங்கே உரிமை உண்டு. காதைக் கிழிக்கும் ஒரு வண்டி அந்தப் பள்ளத்தாக்கில் ஓட்டும் எல்லோருடைய அனுமதியையும் ஆபத்தில் தள்ளுகிறது. எடையில் மூன்று கிராம் குறைத்த கிளட்ச் வெளியே இருப்பவர் எவருக்கும் கேட்காது. இழுவையையும் அமைதியையும் ஒருசேரத் தரும் வழி இருக்கும்போது, சத்தத்தை வலு என்று விற்பதை நான் ஏற்கவில்லை.

உயிரைப் பற்றிய மறுப்பு மற்றவற்றைவிட ஆழமானது. எந்த வழியில் வண்டியைச் செம்மைப்படுத்தினாலும் அது இன்னும் செங்குத்தான சரிவுக்குத்தானே ஆளைக் கொண்டுபோகும் என்பார்கள். அமெரிக்காவில் பனிச்சரிவுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 25 முதல் 30 பேர் வரை இறக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் ஸ்னோமொபைல் ஓட்டிகள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன, மலை வண்டிகள் ஏற விரும்புவதும் அதே சாய்வைத்தான். இந்த அச்சத்தை ஒதுக்கித்தள்ள முடியாது. அதேசமயம் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தையும் கவனிக்க வேண்டும்: ஒரு வண்டி சரிவின் நடுவில் சிக்கி நிற்கிறது, உதவ இரண்டாவது வண்டி ஏறுகிறது, இரண்டின் சுமையும் அதிர்வும் சேர்ந்து பனிப்படலத்தை உடைக்கின்றன. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எதிர்பார்த்தபடி இழுக்கும் வண்டி சிக்குவது குறைவு, சரிவின் நடுவே திரும்பிக் கீழே வருவதும் எளிது. கிளட்சைச் சரிசெய்வதன் பாதுகாப்பு இந்த அளவுக்குத்தான், இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது தவறு. அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிப்பதும், உடலில் கட்டிய சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றும் இல்லாமல் ஏறாமல் இருப்பதும், ஒரு நேரத்தில் சரிவில் ஒருவர்தான் என்ற ஒழுங்கும் தனியான கடமைகள். புது எஞ்சின் பொருளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்குப் போகட்டும்.

மிச்சமிருப்பது தயாரிப்பாளர்களும் விற்பவர்களும் ஏற்க வேண்டிய பொறுப்பு. உயரத்துக்கு ஏற்ற கிளட்ச் அட்டவணைகளை அவர்கள் தயாரிக்கிறார்கள், வெளியிடவும் செய்கிறார்கள். ஆனால் வாங்குகிறவர் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதில் சொன்ன எடைகளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வண்டியின் விலை 15,000 டாலரைத் தாண்டிய காலத்தில் சில கிராம் எஃகைத் தனியாக விற்பது நியாயமாகப் படவில்லை. வண்டியை ஒப்படைக்கும் நாளில் எந்த உயரத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டு, அதற்கான எடையையும் ஸ்பிரிங்கையும் பொருத்திக் கொடுப்பது விற்பனையின் பகுதியாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு இது இன்னும் அவசரம். சமவெளியில் ஓடிய வண்டி ஒன்று கை மாறிக் கொலராடோவுக்கு வரும்போது அதன் கிளட்சுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரிவதில்லை. திணறலைக் கண்டதும் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று நினைத்துச் செலவில் இறங்குகிறார். கிளட்ச் மூடியின் உட்பக்கம் ஒட்டிய ஒரு தாள் இதைத் தடுக்கும். வண்டி எந்த உயரத்துக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது, எடை எத்தனை கிராம், ஸ்பிரிங் என்ன நிறம், முழு ஆக்சிலரேட்டரில் எத்தனை சுற்று காட்ட வேண்டும் என்ற நான்கு விவரங்களும், கடைசியாக மாற்றியவர் தேதி எழுத ஓர் இடமும் அதில் இருந்தால் போதும்.